நீலத் தார்ப்பாய் போட்ட மாடி

எங்கள் வீட்டில் யாரும் பூகம்பத்தைப் பார்த்ததில்லை. சங்கரன்கோவிலில் பூமி ஆடியதாக எங்களுக்குத் தெரிந்து யாரும் சொன்னதும் இல்லை. பக்கத்துத் தெரு விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுக்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வீட்டின் கூரையை வானத்திலிருந்து எடுத்த படத்தில் காட்டினால், அது பூகம்பத்தில் தப்பித்ததா இல்லையா என்று என் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக, அதே பதிலைச் சொல்வார். இந்தப் படிப்பை அவர்களுக்குக் கொடுத்தவள் நான்தான். அந்தப் படிப்பால் என் நாத்தனாரின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது, வேலையும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்துவிட்டது. உலகத்தில் எங்காவது பூகம்பம் வந்தால், அந்த ஊரை அதற்கு முன்பு எடுத்த செயற்கைக்கோள் படமும், பின்பு எடுத்த படமும் எங்களுக்கு வரும். இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு கட்டடத்தைச் சுற்றியும் கோடு போட்டு, சேதமில்லை, லேசான சேதம், பெரிய சேதம், இடிந்துவிட்டது என்ற நாலில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நாங்கள் குறித்ததைப் பார்த்துப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை அது முதலில் சொல்லும், நாங்கள் சரிபார்ப்போம். மீட்புக்குப் போகிறவர்கள் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் விளையாட்டான வேலை இல்லை. படத்தில் மனிதர்கள் தெரியமாட்டார்கள் என்பதுதான் ஒரே ஆறுதல்.

இந்த வேலையை நான் ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஹாலுக்கு மட்டும்தான். கரண்ட் போனாலும் கணினி ஓட வேண்டும் என்றால் ஹாலில், சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார வேண்டும். அங்கேதான் அத்தை பூண்டு உரிப்பார், மாமா பேப்பர் படிப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்த நாத்தனார் பரீட்சைப் பேப்பர் திருத்துவாள். என் கணவர் ராஜபாளையத்தில் மில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கிவிடுவார் என்பதால் அவர் ஒருவர்தான் எங்கள் வீட்டில் இந்தக் கல்வியைப் பெறாதவர்.

முதலில் சும்மா பார்த்தார்கள். பிறகு கேள்வி கேட்டார்கள். கேட்டதற்கு நானும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல வீட்டுக்கு ஓரம் நேராக இருக்கும். நிழல் ஒரே கோடாக விழும். இடிந்த வீட்டுக்கு ஓரம் பிய்ந்துபோயிருக்கும், சாம்பலும் பழுப்புமாகக் குவியல் தெரியும். கூரை மேல் நீலத் தார்ப்பாய் இருந்தால் அந்தக் கூரைக்கு அடி பட்டிருக்கிறது என்று அர்த்தம். மழைக்கும் பனிக்கும் மறைக்கத்தான் அதைப் போடுவார்கள். இந்தக் கடைசிப் பாடம் அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, நீலம் கண்ணில் பளிச்சென்று படுமல்லவா. படம் திறந்ததும் நான் பெரிதாக்குவதற்குள், "இந்தா, தார்ப்பாய். இது போச்சு," என்றுவிடுவார். அடுத்த பூண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாவம், யாரு வீடோ," என்பார்.

மாமா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடிந்த வீடு எரிந்த வீடு என்று ஜீப்பில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதிய காலம் அவருக்கு உண்டு. "நாங்க வெயில்ல அலைஞ்சு பாத்தத நீ காபியைக் குடிச்சிட்டே பாக்குத," என்று அடிக்கடி சொல்வார். குறையா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த நிலைமையில்தான் இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது.

என் நாத்தனார் பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வந்த வரன்களை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பதில் கெட்டிக்காரி. ஒருவருக்குச் சிரிப்பு சரியில்லை, ஒருவர் சிரிக்கவே இல்லை, ஒருவர் போனில் பேசும்போது 'அப்புறம்' என்ற வார்த்தையைத் தவிர வேறு பேசவில்லை. ஆனால் இந்தப் பையன் பெயரைச் சொன்னதும், "பாக்கச் சொல்லுங்க," என்றாள். வீடே ஒரு நிமிஷம் அசந்துபோனது. அடுப்படியில் தனியாக மாட்டியபோது என்னிடம் மட்டும் சொன்னாள். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் பந்தி பரிமாறினாராம். இவள் ஒரு அப்பளம் கேட்டதற்கு மூன்று வைத்தாராம். போதும் என்றதற்கு, "நொறுங்கினது ரெண்டு, முழுசு ஒண்ணுதான், கணக்கு சரிதானே," என்றாராம்.

"இதுக்கா சம்மதிச்ச?" என்று கேட்டேன்.

"இல்ல மதினி. பந்தி முடிஞ்சு எல்லாரும் போனப் பொறவும் அந்த ஆளு பெஞ்சு துடைச்சிட்டு இருந்தாரு. எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். அவள் இப்படி நேராகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மாவும் அவருமாக மானாவாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் டிராக்டர் பழுது பார்க்கிறார். கோயில் காரியம், சர்க்கார் உத்தியோகம் என்று வளர்ந்த என் மாமனார் குடும்பத்துக்கு இது கொஞ்சம் தூரம்தான். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. "வீடு எப்படின்னு பாப்போம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது என்று ஒன்று உண்டு. காபி குடிக்கப் போவதாகப் பெயர். உண்மையில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, அடுப்படிக்கு வெளிச்சம் வருகிறதா, எந்த அறை ஒழுகுகிறது என்று பார்ப்பதற்குத்தான் போவார்கள். பேச்சு மழையைப் பற்றி இருக்கும், கண் மட்டும் சுவரில் ஈரக்கறையைத் தேடிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு வேன் பிடித்து, நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போய்விட்டு வேண்டாம் என்று சொன்னால் மனக்கசப்பு.

"அதான் வீட்டுலயே மெஷின் இருக்குல்லா," என்றார் மாமா. "முதல்ல மேல இருந்து பாத்திருவோம். பொறவு வேனு பிடிப்போம்."

எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். கம்பெனிப் படத்தைத் தொடவில்லை. எல்லோரும் பார்க்கிற பொது வரைபடத்திலேயே, பழைய தேதிப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கலாம். இந்த வரனைக் கொண்டுவந்தவர் எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. மாப்பிள்ளை வீடு இருக்கும் இடத்தை அவர் போனில் அனுப்பிவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே முதல் மாடி வீடு.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி முடிந்ததும் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு கோடைகாலப் படத்தைத் திறந்தேன். வெள்ளை மாடி, நேரான கைப்பிடிச் சுவர், பக்கத்தில் ஒரு வேப்பமரம். "பரவால்லியே," என்றார் அத்தை. பிறகு அதற்கு அடுத்த படத்தைத் திறந்தேன். அது ஒரு தை மாதத்தில் எடுத்தது.

மாடியில் பாதிக்கு மேல் நீலம்.

அத்தையின் கையில் பூண்டு அப்படியே நின்றது. "இந்தா, தார்ப்பாய்," என்றார்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஓரமெல்லாம் பிஞ்சு தொங்குது. இந்தப் பக்கம் பழுப்பாக் குவிஞ்சு கிடக்கு. சுவர்க் கோடு நேரா இல்லியே."

"மழைக்குத் தாங்காமத்தான் மூடிப் போட்டிருக்காவ."

"பெரிய சேதம்," என்று மாமா தீர்ப்புச் சொன்னார். எங்கள் நாலு வகையில் மூன்றாவது.

அந்தப் படம் எங்கள் வேலையில் வந்திருந்தால் நானும் அதைத்தான் குறித்திருப்பேன். ஆனாலும் சொன்னேன், "மாமா, அங்கன பூகம்பமே வரலியே."

"பூகம்பம் வந்துதான் வீடு விழணுமா? காரை பேந்தா போதாதா? நீதானம்மா சொல்லிக்குடுத்த, தார்ப்பாய் கிடந்தா கூரைக்கு அடின்னு."

நான் சொல்லிக்கொடுத்ததுதான். என் பாடத்தையே எனக்குத் திருப்பி ஒப்பித்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நாத்தனார் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டே இருந்தது. அன்று மத்தியானத் துவையலைச் சந்தனமாக நெற்றியில் பூசிக்கொள்ளலாம், அப்படி அரைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாமா அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஹாலில் நின்று பேசியதால் நான் முழுவதும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் விடவில்லை போலிருக்கிறது. "மாடியில நீலத் தார்ப்பாய் கிடக்கு, கூரை சரியில்லன்னு தெரியுது வே," என்றார். "யாரு பாத்தாவளா? நாங்கதான் பாத்தோம். மேல இருந்து. மேலன்னா மொட்டை மாடி இல்ல வே, வானத்துல இருந்து."

போனை வைத்துவிட்டு, "அந்த ஆளுக்கு ஒண்ணும் விளங்கல," என்றார். அண்ணாச்சிக்கு எவ்வளவு நன்றாக விளங்கியிருந்தது என்று எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு மலையடிவார ஊரின் படங்கள் வந்திருந்தன. ஒரு வீட்டுக்குக் குறி போட்டுவிட்டு, வழக்கம்போல் பக்கத்து வீடுகளைப் பார்த்தேன். இது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது. பூகம்பம் ஒரு வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்துத் தள்ளாது, தெருவையும் சேர்த்துப் பார். அப்போதுதான் உறைத்தது. நேற்று நாங்கள் அந்த ஒரு மாடியைத் தவிர வேறு எதையும் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டை யார்தான் தெருவோடு சேர்த்துப் பார்ப்பார்கள்?

சாப்பாட்டு இடைவேளையில் அதே தைமாதப் படத்தைத் திறந்து, ஊர் முழுவதும் தெரியும்படி சிறிதாக்கினேன். ஊரே நீலமாக இருந்தது. மாடிக்கு மாடி, களத்துக்குக் களம், ரோட்டோரம்கூட. முந்தைய வருஷத்துப் படங்களைத் தள்ளினேன். கோடையில் வெள்ளை. அதற்கு முந்தைய ஒரு தையில் மறுபடி நீலம். அந்த வீட்டிலும் அதே மூலையில்.

நாத்தனார் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக்கூட இறக்கவிடாமல் மேஜைக்கு இழுத்து வந்தேன். "இதப் பாருட்டி," என்று தேதிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "அதெப்படி மதினி, தையில இடியுது, வைகாசியில எந்திரிச்சு நிக்கி?" என்றாள். பிறகு அவளாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தை பொறந்தா எங்க கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க வராது. கேட்டா உளுந்து பிடுங்கப் போனேன் டீச்சர்னு சொல்லும். மதினி, அது உளுந்து. செடியைப் பிடுங்கி மாடியில காயப் போட்டு, பனிக்குத் தார்ப்பாயால மூடியிருக்காவ. ஓரத்துல தொங்குதது செடிதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உளுந்தை நான் கடைப் பையில்தான் பார்த்திருக்கிறேன், கிரைண்டரில் போட்டிருக்கிறேன். அது செடியில் காய்க்கும், செடியைப் பிடுங்குவார்கள், பிடுங்கியதைக் காய வைக்க இடம் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கண்காணாத ஊர்களில் எந்தச் சுவர் எப்படி விழும் என்று சொல்லத் தெரியும், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரின் அறுவடை தெரியாது. நல்ல லட்சணம்.

நாத்தனார் சிரிக்கவில்லை. "மதினி, எனக்கு இந்த வீடு வேணும். நீங்கதான் அப்பாட்ட பேசணும்," என்றாள்.

பேசினேன். மாமா எல்லாப் படங்களையும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். கடைசியில், "ஆபீஸ்ல உக்காந்துட்டு எழுதுத ரிப்போர்ட்டு எப்பவும் இப்படித்தான். நேர்ல போயிருவோம்," என்றார். முந்தின நாள் ஆபீஸில் உட்கார்ந்து எழுதியவர் வேறு யாரோ போல. அத்தைக்கு வேறு கவலை. "மாடி கொள்ளாத உளுந்தா? அப்ப தோசைக்குப் பஞ்சமில்ல," என்றார். உளுந்து என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

மார்கழி கழியட்டும் என்று காத்திருந்து, தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்தோம். வீடு பார்க்கப் பெண் போவது வழக்கமில்லை. "நான் இருக்கப் போற வீட்ட நான் பாக்காண்டாமா?" என்று நாத்தனார் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் கணவருக்கு ஷிப்ட். அண்ணாச்சி பைக்கில் முன்னால் போனார். தை மாதத்தில் இருக்கக்கூடாத ஒரு கருப்பு மேகம் கிழக்கே தூக்கிக்கொண்டு நின்றது. வழியெல்லாம் கரிசல் காடு. வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டிலேயே உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் வேன் அதன் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனது. "நாமளும் ஒரு வேலை பாத்துக் குடுத்திருக்கோம்," என்றார் அத்தை.

வீடு நன்றாக இருந்தது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பையனின் அம்மா மெலிந்த உடம்பு, வேகமான நடை. எங்களை உட்காரவைத்து, சூடாக உளுந்து வடையும் கேசரியும் வைத்தார். மாமா பேச்சோடு பேச்சாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அத்தை அண்ணாந்து கூரையில் கறை தேடினார். ஒரு பொட்டுக் கறை இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த அம்மா மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தார். வடை வைக்கும்போது ஜன்னலைப் பார்த்தார். காபி ஆற்றும்போது ஜன்னலைப் பார்த்தார். இவருக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லையோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

இடி ஒன்று உருண்டது. பையன் எழுந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். மறுபடி இடி. மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அண்ணாச்சி சம்பந்தமில்லாமல் வடையைப் புகழ ஆரம்பித்தார்.

ஜன்னல் கம்பியில் முதல் தூறல் விழுந்தபோது நாத்தனார் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண் நேராகப் பையனிடம் பேசுவது எங்கள் வீட்டில் நடந்ததில்லை. "மாடியில உளுந்து கிடக்கா?" என்று கேட்டாள்.

"கிடக்கு," என்றார் அவர்.

"தார்ப்பாய் போட்டிருக்கா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். "இல்ல. தொழுவத்துல ஒளிச்சு வச்சிருக்கு."

"எதுக்கு ஒளிக்கணும்?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "எடுத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு மாடிப்படியைத் தேடி ஓடினாள். பையன் தொழுவத்துக்கு ஓடினார். ஒரு நொடி நாங்கள் எல்லோரும் முழித்தோம், பிறகு பின்னாலேயே ஓடினோம்.

மாடியைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். மாடி முழுவதும் வெள்ளை. உளுந்தைச் சதுரமாக ஒதுக்கி, அதன் மேல் வெள்ளை வேட்டிகளையும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரித்து, செங்கல் வைத்திருந்தார்கள். கரை போட்ட புதுவேட்டிகூட ஒன்று கிடந்தது. தூறல் விழுந்த இடமெல்லாம் சாம்பல் பொட்டாகிக்கொண்டிருந்தது.

கேட்க நேரமில்லை. தார்ப்பாய் வந்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. அத்தை ஒரு மூலையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். ஒரு மூலைக்குக் கல் கிடைக்கவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டார். "நான் இருக்கேன், நீங்க அந்தப் பக்கம் பாருங்க," என்று அதிகாரத்தோடு சொன்னார். நாத்தனாரும் பையனும் எதிரெதிர் பக்கம் நின்று கயிறு கட்டினார்கள். அவள் முடிச்சுப் போடுவதை அவர் ஒரு தடவை அவிழ்த்துக் காட்டிச் சரியாகப் போடச் சொன்னார். அவள் அப்படியே போட்டாள். மழை வலுத்தது.

எல்லாம் முடிந்து, மாடிப்படிக்கு மேலே இருந்த சின்னக் கூரையடியில் நெருக்கியடித்து நின்றபோது, அத்தை முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார். "ஏம்மா, இவ்வளவு மேகம் நிக்கி. தார்ப்பாய எதுக்கு எடுத்தீங்க?"

அந்த அம்மா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மழையைப் பார்த்தார். "நீங்க மேல இருந்து பாப்பியளாம். நீலத் தார்ப்பாய் கண்டா உங்களுக்கு ஆகாதுன்னு சொன்னாவ. எந்நேரம் பாப்பியன்னு நமக்குத் தெரியுமா? அதான், வெள்ளை மாடி வெள்ளையாவே தெரியட்டும்னு வேட்டிய விரிச்சேன். பையன் வேணாம்னுதான் சொன்னான். ஒரு நாள் பொழுதுக்கு மழை வந்திரவா போகுதுன்னு நினைச்சேன். நல்ல பிள்ளை, கைவிட்டுப் போயிரக்கூடாதேன்னு."

ஒரு வருஷத்து விளைச்சலை மழைக்குக் கொடுக்கத் துணிந்து, எங்கள் கண்ணுக்காக ஒருவர் தன் வீட்டில் இருந்த வெள்ளைத் துணியை எல்லாம் எடுத்து விரித்திருக்கிறார். நான் ஹாலில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு சொன்ன பாடம் இவ்வளவு தூரம் வந்து இவர் தலையில் விழுந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மா, மேகம் இருந்தா அந்தப் படத்துல ஒண்ணுமே தெரியாது. வெறும் மேகம்தான் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். "இத முந்தியே சொல்லப்பிடாதா தாயி?" என்றார்.

முதலில் சிரித்தவர் மாமா. பிறகு எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பையன் கீழே போய்த் துண்டுகள் எடுத்து வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். என் நாத்தனாருக்கு மட்டும் மூன்று. அவள் வாங்கிக்கொண்டு தலையைத் துவட்டினாள். அத்தை அதைப் பார்த்தார். திரும்பி அந்த அம்மாவிடம், "நிச்சயத்த எங்க வீட்டுல வச்சுக்கிடுவோமா?" என்று கேட்டார். மாமாவைக் கேட்கவே இல்லை.

பங்குனி கழிந்து, சித்திரையில் கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் மாமா ஒரு புதுத் தார்ப்பாய் வைத்தார். கனமானது, இரண்டு பக்கமும் நீலம். வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், ஓரத்தைத் தடவிப் பார்த்து, தையல் நல்லாயிருக்கு என்றார்.

இப்போது மறுபடி தை. எங்கள் ஹாலில் மறுபடி படங்கள். எங்கோ ஒரு ஊரில் பூமி ஆடிப் பல நாள் கழித்து எடுத்தவை. அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் போன் செய்திருந்தாள், மேஜையில் வைத்து எல்லோரும் கேட்கப் பேசிக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் உளுந்து பரவாயில்லையாம், மாமியாருக்கு இருமலாம். பேச்சின் நடுவில், "மழை வருது மதினி, மாடிக்குப் போறேன், அப்புறம் பேசுதேன்," என்று வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன் படியில் ஓடும் சத்தமும், அவள் கணவர் கீழிருந்து ஏதோ கேட்பதும், அவள் சிரிப்பதும் கேட்டன.

அத்தை போனையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என் திரையைப் பார்த்தார். இடிந்த தெருவின் நடுவில் ஒரு பாதிக் கூரை, அதன் மேல் ஒரு நீலம். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் குறி போடக் கையை வைத்தேன்.

"இந்தா, தார்ப்பாய்," என்றார் அத்தை. "இந்த வீட்டுல ஆளு இருக்கு."